கேபிள் வேலைக்குப் போகிற பெண்ணின் அம்மாவுக்கு

"நாலு வருஷம் எலெக்ட்ரானிக்ஸ் படிக்க வைப்பது வெயிலில் நின்று கேபிள் இழுக்கவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கோபம் புரிகிறது. கூடப் படிக்கிறவர்கள் சாஃப்ட்வேர் நிறுவனங்களுக்குப் போகும்போது, உங்கள் மகள் மட்டும் கோடை விடுமுறையைக் கிராமங்களுக்கு பிராட்பேண்ட் கொண்டுபோகும் குழுவோடு கழிக்கப் போகிறேன் என்கிறாள். நான் அவள் பக்கம்தான். ஆனாலும் சில விஷயங்களை விசாரித்த பிறகே சரி சொல்லுங்கள்.

பள்ளம் தோண்ட, கேபிள் பதிக்கத் தனி ஆட்களும் இயந்திரங்களும் உண்டு. மாணவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது கேபிள் போகும் வழியை அளக்கும் ரூட் சர்வே, கம்பங்களையும் வீடுகளையும் வரைபடத்தில் குறிப்பது, சோதனைக் கருவி காட்டும் அளவுகளை எழுதி வைப்பது போன்றவை. பார்க்கச் சலிப்பாகத்தான் இருக்கும்.

ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். ஃபைபர் என்ற, ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழையை வீடுவரை கொண்டுபோய், ஒன்றையே பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஜிபான் முறையில், பரவலாக உள்ள பி பிளஸ் வகைக் கருவிகள் என்றால், வழியில் 28 டெசிபல் (ஒளி இழப்பைச் சொல்லும் அலகு) வரை ஒளி குறைந்தாலும் இணைப்பு வேலை செய்யும். ஒரு ஃபைபரை 32 வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரே சுமார் 17 டெசிபலை விழுங்கிவிடும். 10 கிலோமீட்டர் ஃபைபருக்கு மூன்றரை. கனெக்டர், இரண்டு ஃபைபர்களை இணைக்கும் ஒட்டு எல்லாம் சேர்த்து இரண்டோ மூன்றோ. மிச்சம் ஐந்து, அவ்வளவுதான். வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கிற ஊரில் தூரம் கூடக்கூட அதுவும் கரையும். 3 டெசிபல் போனாலே ஒளி பாதியாகிவிடும்.

இந்தக் கணக்கை உங்கள் மகள் வகுப்பிலேயே போட்டிருப்பாள். யாரோ கேபிளை இறுக்கி மடித்துக் கட்டியதால் அந்த ஐந்தும் காணாமல் போவதை வகுப்பில் பார்த்திருக்க மாட்டாள். ஃபைபருக்குள் ஒளியை அனுப்பி, எந்த இடத்தில் எவ்வளவு இழப்பு என்று காட்டும் ஓடிடிஆர் என்ற கருவியால் ஒரே இடத்தை 1310, 1550 நானோமீட்டர் என இரண்டு அலைநீளங்களில் சோதிப்பார்கள். 1550இல் மட்டும் இழப்பு எகிறினால் அங்கே ஃபைபர் வளைந்து நெருக்கப்பட்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம்; இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு என்றால் ஒட்டையோ கனெக்டரையோ பார்க்க வேண்டும். "கிராமங்களுக்கு இணையம் கொண்டுபோனோம்" என்று நேர்முகத் தேர்வில் யாரும் சொல்லலாம். இப்படி ஒரு பழுதைத் தேடிப் பிடித்த கதையைச் சொல்பவளிடம் அடுத்த கேள்வி கேட்பார்கள்.

இன்னொன்றையும் பார்ப்பாள். வாசல்வரை கேபிள் வந்தும் இணைப்பு வேண்டாம் என்கிற வீடுகள் இருக்கும். பணமா, கற்றுக்கொடுக்க ஆளில்லையா, முன்பு ஏமாந்த அனுபவமா? கேட்கத் தெரிந்த இன்ஜினியர்கள் குறைவு, நானே அதிகம் பார்த்ததில்லை.

சிப் டிசைன்தான் தன் வழி என்று அவள் முடிவே செய்துவிட்டால் இது நேரடியாக உதவாது. நெட்வொர்க், தொலைத்தொடர்பு, வரைபடத் தரவு என்றால் நல்ல தொடக்கம்.

இனி உங்கள் பங்கு. என்னென்ன வேலை, யாருக்குக் கீழே, தங்குவது எங்கே, போக்குவரத்துக்கு யார் பொறுப்பு, காப்பீடு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். கம்பம் ஏறும் வேலை அவளுக்கு இல்லை என்பதும் அதில் இருக்கட்டும். ஃபைபரில் ஓடும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, அதன் நுனிக்குள் எட்டிப் பார்க்கவே கூடாது. வெட்டிய கண்ணாடித் துணுக்கும் தோலில் ஏறினால் லேசில் தெரியாது. முதல் நாளே பாதுகாப்புப் பயிற்சியும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் தருவார்களா என்று பாருங்கள். "வந்ததும் பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால் விட்டுவிடலாம். வீடு வீடாகப் போய் இணைப்பு விற்பதுதான் முழு வேலை என்றாலும் அப்படியே. அது விற்பனை, பயிற்சி என்று பெயர் வைத்திருப்பார்கள்.

அவர்களின் பதில் கடிதம் வந்ததும் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். அப்புறம் அவளையும் வைத்துக்கொண்டு பேசுவோம்.