கோயிலுக்குள் கசாப்புக் கடை

கேள்வி: என் மைத்துனர் போர்ச்சுகல் சுற்றுலா போயிருக்கிறார். மத்தியானம் பன்றிக்கறியும் ஒயினும் படம். சாயங்காலம் 'பழங்காலக் கோயில் தரிசனம்' என்று இன்னொரு படம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் இதே வேலை. வயிறு புடைக்கத் தின்ற கையோடு புனிதமான இடத்துக்குப் போவது முறையா? அதுவும் நம் கோணேசுவரத்தை இடித்த பரங்கியர் ஊரில்?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: அந்தப் படத்தில் உயரமான கல்மேடை மேல் கூரையில்லாமல் தூண்கள் மட்டும் நின்றால், அநேகமாக அது எவோரா. லிஸ்பனுக்குக் கிழக்கே, அலென்தேஜு வட்டாரத்து ஊர். கறி தின்றுவிட்டு அங்கே போகலாமா என்கிறீர்கள். அந்தக் கோயிலே பல நூறு வருஷம் கறிக்கடையாக இருந்தது, ஐயா!

கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியர் கட்டியது. 'டயானா கோயில்' என்று வழிகாட்டிகள் சொல்வது மிகப் பிற்பாடு ஒட்டிக்கொண்ட பெயர். ரோமப் பேரரசரைக் கும்பிடக் கட்டியது என்பதே ஆய்வாளர்கள் பக்கம். இடைக்காலத்தில் தூணுக்கும் தூணுக்கும் நடுவே சுவர் எழுப்பி அடைத்தார்கள். உள்ளே கசாப்புக்காரர்கள் கடை போட்டார்கள். 1836 வரை அங்கே வெட்டும் விற்பனையும் நடந்தது. 1871-ல் சுவர்களை இடித்துப் பார்த்தால் 14 தூண்கள் கம்பீரமாக நிற்கின்றன. தண்டு கருங்கல், தலைப்பு பளிங்கு. சும்மா கிடந்த ரோமானியக் கட்டடங்களின் கல்லைப் பெயர்த்து எத்தனையோ ஊர்களில் வீடு கட்டிக்கொண்டார்கள். இங்கே சுவருக்குள் வியாபாரம் நடந்ததால் தூண்கள் தப்பின. சாமியைக் காப்பாற்ற யாரும் வரவில்லை, ஆட்டிறைச்சி காப்பாற்றியது.

இனி உங்கள் 'முறையா' என்ற கேள்வி. அதே சதுக்கத்தில், கோயிலுக்குப் பக்கத்திலேயே ஒரு பழைய மாளிகை இருக்கிறது. மைத்துனர் அதைப் படம் பிடித்தாரா என்று கேளுங்கள். இன்குவிசிஷன் என்ற மதவிசாரணை மன்றம் அங்கேதான் இருந்தது. 1497-ல் அரசர் போர்ச்சுகல் யூதர்களைக் கட்டாயமாக ஞானஸ்நானம் பெறவைத்தார். 1536-ல் மன்றம் வந்தது. மதம் மாறியவன் உள்ளுக்குள் பழைய சாமியைக் கும்பிடுகிறானா என்று கண்டுபிடிக்க அவர்கள் பார்த்த அடையாளங்களில் ஒன்று, அவன் தட்டு. பன்றிக்கறியை ஒதுக்கினால் பக்கத்து வீட்டுக்காரர் போய்ச் சொல்லிவிடுவார். தின்றால் தீட்டு என்கிறீர்கள் நீங்கள். தின்னாவிட்டால் சிறை என்றார்கள் அவர்கள். வடக்கே அல்யேய்ரா என்று ஒரு சாஸேஜ் உண்டு. கோழிக்கறியும் ரொட்டியும் திணித்துப் புகை போட்டது. பன்றிக்கறி மாதிரி தெரியட்டும் என்று யூதர்கள் செய்து வாசலில் தொங்கவிட்டது என்று அந்தப் பக்கம் கதை சொல்வார்கள்.

அந்த மன்றம் 1560-ல் கோவாவுக்கும் கப்பலேறி வந்தது. 1736-ல் அது போட்ட கட்டளை ஒன்றில், இந்துக்கள் வழக்கப்படி உப்புப் போடாமல் சோறு வடிக்கக்கூடாது என்று இருக்கிறது. உங்கள் வீட்டில் உலை வைக்கும்போது உப்புப் போடுகிறார்களா? இல்லையென்றால் நீங்கள் உள்ளே. கோணேசுவரத்தை 1622-ல் இடித்தார்கள் என்பது உண்மை. அந்தக் கோபம் நியாயம். ஆனால் அடுத்தவன் என்ன தின்றான், தின்றபின் எங்கே போனான் என்று நோட்டம் விடும் வேலையை மட்டும் அவர்களிடமிருந்து நீங்கள் கற்றுக்கொண்டது எனக்குப் புரியவில்லை.

மைத்துனரிடம் எனக்கும் ஒரு குறை உண்டு. எவோரா வரை போனவர் அசோர்தா சாப்பிட்ட படத்தைக் காணோமே! பூண்டு, கல்லுப்பு, ஒரு கைப்பிடி பச்சைக் கொத்தமல்லி மூன்றையும் சின்ன உரலில் நைய இடித்து, ஆலிவ் எண்ணெய் விட்டு, கொதிக்கிற தண்ணீரை ஊற்றுகிறார்கள். அதில் முந்தாநாள் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, மேலே ஓடில்லாமல் வேகவைத்த முட்டை ஒன்று. அவ்வளவுதான். கறி கிடைக்காத வயல்கூலிகள் சாப்பாடு. கண்ணை மூடிக்கொண்டு மோந்தால் நம் வீட்டுப் பூண்டு ரசம். ஐரோப்பாவில் மற்றவர்கள் கொத்தமல்லித் தழையை அவ்வளவாகச் சீந்துவதில்லை. இவர்கள் கட்டுக்கட்டாகப் போடுகிறார்கள். அரபுக்காரர்கள் 1165 வரை எவோராவை ஆண்டதன் மிச்சம், அசோர்தா என்ற சொல்லே அரபு.

ஊருக்கு வெளியே தக்கை எடுக்கும் ஓக் மரங்களுக்கு நடுவே அல்மென்த்ரெஸ் கல்வட்டம் இருக்கிறது. 90-க்கு மேல் கற்கள், 1964-ல்தான் ஆய்வாளர் கண்ணில் பட்டது. இன்னும் கொஞ்சம் தள்ளி சான் பிரிசோஷில் கற்காலத்துப் பிணக்கல்லறை ஒன்றுக்கு வெள்ளையடித்து, நீலப் பட்டை தீட்டி, மாதா கோயிலாக்கி வைத்திருக்கிறார்கள். ஐயனார் கோயில் அளவுகூட இல்லை. பார்க்கவேண்டியது அதைத்தான்.

வயிற்றையும் புனிதத்தையும் பிரித்தே வைக்கவேண்டும் என்பது உங்கள் கட்சி. அங்கே கன்னியர் மடங்களில் முட்டை மஞ்சள் கருவும் சர்க்கரையும் கிண்டிச் செய்த இனிப்பு ஒன்றின் பெயரைச் சொல்கிறேன்: பாரிகா டி ஃப்ரெய்ரா. அர்த்தம், 'கன்னியாஸ்திரீயின் வயிறு'. நான் வைத்த பெயர் இல்லை.

மைத்துனர் திரும்பி வருவதற்குள் ஒரு தகவல் மட்டும் அனுப்பிவிடுங்கள். ஓட்டலில் உட்கார்ந்ததும், கேட்காமலே ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி என்று மேசையில் கொண்டுவந்து வைப்பார்கள். தொட்டால் பில்லில் ஏறும். பிரசாதம் என்று நினைத்துவிடப் போகிறார்.