சிவப்புக் கோடு போட்ட தெருக்கள்: வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவில் அடிமை முறையை 1865-லேயே ஒழித்துவிட்டார்கள். 1964-ல் குடிமை உரிமைச் சட்டமும் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் கறுப்பினத்தவர் பின்தங்கியே இருப்பதற்கு யாரைக் குற்றம் சொல்வது?
(வாசகர், திண்டுக்கல்)

சம்பளத்தைவிடச் சொத்தில்தான் இடைவெளி பெரிது. 2022-ல் அந்நாட்டு மத்திய வங்கி எடுத்த கணக்கெடுப்பில், குடும்பங்களைச் சொத்து வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்கும் வெள்ளையினக் குடும்பத்தின் சொத்து 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்துக்கு 44,900 டாலர். ஆறு மடங்குக்கும் மேல். நடுத்தரக் குடும்பத்துக்குச் சொத்து என்றால் அங்கேயும் முதலில் வீடுதான். அந்த வீட்டை வாங்கவிடாமல் தடுத்ததில் அரசாங்கத்துக்கே நேரடிப் பங்கு உண்டு.

1930-களுக்கு முன் வீட்டுக்கடன் வாங்குவது பணக்காரர் காரியம். விலையில் பாதியை முன்பணமாகக் கட்ட வேண்டும். மீதியை ஐந்து வருடத்துக்குள் முடிக்க வேண்டும். 1934-ல் வந்த மத்திய வீட்டுவசதி நிர்வாகம் கடனுக்குக் காப்பீடு கொடுத்தது. கடன் மூழ்கினாலும் வங்கிக்கு நஷ்டமில்லை என்றானதும், 20 சதவீத முன்பணத்தில் இருபது வருடத் தவணைக்குக் கடன் கிடைத்தது. தொழிலாளிகூடச் சொந்த வீடு வாங்கியது இப்படித்தான்.

ஆனால் கறுப்பினத்தவர் வசிக்கும் பகுதியையும் அதை ஒட்டிய பகுதியையும் ஆபத்தானவை என்று அதே நிர்வாகத்தின் விதிப்புத்தகம் ஒதுக்கியது. வீட்டுக்கடன் நிறுவனம் என்ற இன்னொரு அரசு அமைப்பு இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் போட்டு, பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று தரம் பிரித்தது. கறுப்பினத்தவர் பகுதிகளில் பெரும்பாலானவை சிவப்பு. சிவப்புக் கோடு போட்டு ஒதுக்குவதைக் குறிக்கும் 'ரெட்லைனிங்' என்ற சொல் அந்த நிறத்தில் பிறந்தது.

டெட்ராய்ட் நகரில் 1941-ல் கட்டிய ஒரு சுவர் இன்றும் நிற்கிறது. ஆறடி உயரம், அரை மைல் நீளம், கான்கிரீட். பக்கத்தில் கறுப்பினத்தவர் குடியிருந்ததால், புதிதாக வெள்ளையருக்கு வீடு கட்ட வந்தவருக்கு அரசின் கடன் காப்பீடு மறுக்கப்பட்டது. நடுவில் சுவர் எழுப்பியதும் கிடைத்துவிட்டது.

வங்கிக் கதவு மூடியதும் தரகர்கள் புகுந்தார்கள். 1950-களின் சிகாகோவில், "கறுப்பர் வருகிறார்கள், விலை விழும்" என்று வெள்ளையரைப் பயமுறுத்தி வீட்டை மலிவாக வாங்கி, ஏறக்குறைய இரட்டிப்பு விலைக்குக் கறுப்பினக் குடும்பத்துக்குத் தவணையில் விற்றார்கள். கடைசித் தவணை கட்டும்வரை வீட்டுப் பத்திரம் விற்றவர் பெயரிலேயே இருக்கும். வரியும் மராமத்தும் வாங்கியவர் தலையில். ஒரு மாதம் தவறினால் வீடும் போயிற்று, அதுவரை கட்டிய பணமும் போயிற்று. அதே வீட்டை அடுத்த குடும்பத்துக்கு மறுபடி விற்பார்கள். அந்தக் குடும்பங்கள் உழைக்காமல் ஏழையாகவில்லை. உழைத்துக் கட்டிய பணத்தையே பறிகொடுத்தார்கள். இதைச் சொல்லாமல் "ஏன் முன்னேறவில்லை" என்று கேட்பது அநியாயம்.

வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாடு கூடாது என்று 1968-ல் சட்டம் வந்ததே, அதோடு சரியாகியிருக்க வேண்டாமா?
(வாசகர், தஞ்சாவூர்)

சட்டம் அதற்குப் பிந்தைய விற்பனையைத்தான் கட்டுப்படுத்தியது. முந்தைய முப்பது வருடத்தில் மலிவாக வாங்கியவர்களின் வீடு விலையேறி, பிள்ளைகளின் படிப்புக்கும் அவர்களின் முதல் வீட்டு முன்பணத்துக்கும் உதவியது. மற்றவர்களின் பிள்ளைகள் வெறுங்கையோடு தொடங்கினார்கள். இன்னொன்று, அங்கே அரசுப் பள்ளிக்கான பணத்தில் கணிசமான பங்கு அந்தந்த ஊர்ச் சொத்து வரியிலிருந்து வருகிறது. வீட்டு விலை குறைந்த ஊரில் வரியும் குறைவு. இந்த ஏற்றத்தாழ்வு அரசியல் சட்டத்துக்கு விரோதமல்ல என்று 1973-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் சொல்லிவிட்டது.

நியூ ஜெர்சியில் வாடகைக்கு வீடு தேடுகிறோம். போனில் "காலியாக இருக்கிறது" என்றவர், நேரில் எங்களைப் பார்த்ததும் "போய்விட்டது" என்கிறார். விளம்பரம் இன்னும் அப்படியே இருக்கிறது. என்ன செய்யலாம்?
(வாசகி, நியூ ஜெர்சி)

அன்றைக்கே எழுதி வையுங்கள்: தேதி, நேரம், யார் பேசினார், சொன்ன வார்த்தை. விளம்பரத்தைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். குறுஞ்செய்தி எதையும் அழிக்காதீர்கள். புகார்கள் வலுவிழப்பது இங்கேதான். ஒரு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதினால் எதிர்த்தரப்பு சுலபமாக மறுத்துவிடும்.

பிறகு உங்கள் பகுதியில் வீட்டுவசதிப் பாகுபாட்டைக் கவனிக்கும் தன்னார்வ அமைப்பை உடனே அழையுங்கள். ஒரே வருமானம், ஒரே மாதிரிக் குடும்பம், இனம் மட்டும் வேறு என்று இருவரை அதே வீட்டுக்கு அனுப்பிப் பார்ப்பார்கள். விளம்பரம் எடுக்கப்பட்டுவிட்டால் இந்தச் சோதனைக்கு வழியில்லை.

மாநிலக் குடிமை உரிமைப் பிரிவில் புகார் கொடுக்க 180 நாள், மத்திய வீட்டுவசதித் துறையில் ஒரு வருடம், மத்தியச் சட்டப்படி வழக்குப் போட இரண்டு வருடம். துறையில் புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

"நான் குடியிருக்கும் சின்னக் கட்டடம், எனக்குச் சட்டம் பொருந்தாது" என்று உரிமையாளர் சொல்லலாம். அவரும் குடியிருக்கும், நான்கு வீடு வரையுள்ள கட்டடத்துக்கு 1968 சட்டத்தில் ஒரு விலக்கு உண்டுதான். ஆனால் இனப் பாகுபாட்டுக்கு 1866-ம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. அதில் இந்த விலக்கே இல்லை. புகார் கொடுத்ததற்காக மிரட்டினால் அதுவும் தனிக் குற்றச்சாட்டு. அதையும் தேதியோடு குறித்து வையுங்கள்.