பச்சைக் கறியா, வேகவைத்த கறியா?

கேள்வி: எங்கள் ப்ரூனோ லாப்ரடார். வயது 4, எடை 32 கிலோ. காலையில் பாலும் பிஸ்கட்டும், மதியம் தயிர்சாதம், ராத்திரி சிக்கன் சாதம் என்று பழகிவிட்டான். இரண்டு மாதமாக ஓயாமல் சொறிகிறான், முடியும் கொட்டுகிறது. நடைப்பயிற்சியில் பழக்கமான ஒருவர், "சாதத்தை நிறுத்திவிட்டுப் பச்சைக் கறியும் எலும்பும் போடுங்கள், ஓநாய் வம்சம்தானே" என்கிறார். அவருடைய நாய்க்கு முடி பளபளவென்று இருப்பது உண்மை. மாற்றலாமா? எலும்பு கொடுக்கலாமா? வீட்டில் எட்டு மாதக் குழந்தையும் சர்க்கரை நோயுள்ள மாமியாரும் இருக்கிறார்கள்.
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: போகிற போக்கில் கடைசியாக எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் என் கண்ணில் முதலில் பட்டது. தவழுகிற குழந்தை இருக்கும் வீட்டில் பச்சைக் கறி வேண்டாம்.

ஒரு கோழிக் கழுத்தைத் தட்டில் வைத்துப் பாருங்கள். பல நாய்கள் அதைத் தட்டிலேயே தின்று முடிப்பதில்லை. கவ்விக்கொண்டு போய் மிதியடியிலோ சோபா ஓரத்திலோ போட்டு, முன்னங்காலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு கடிக்கும். அந்தத் தரையில்தான் உங்கள் குழந்தை தவழும். கொஞ்ச நேரத்தில் ப்ரூனோ வந்து அதன் முகத்தையும் நக்குவான். பச்சைக் கோழியில் சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர் போன்ற கிருமிகள் சகஜம். நாய்க்கு ஒன்றும் ஆகாமலே அதன் எச்சிலிலும் மலத்திலும் அவை வெளியேறிக்கொண்டிருக்கும். நோய் வந்து படுப்பது குழந்தையும் வயதானவர்களும்தான். ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தால் போதும் என்பார்கள். சால்மோனெல்லா ஃப்ரீசரில் சாகாது. நம் கறிக்கடையில் எல்லாக் கோழிக்கும் ஒரே கட்டை, ஒரே கத்தி. குழம்பில் கொதித்துவிடுவதால் நமக்கு அது பிரச்சினையாவதில்லை, அவ்வளவுதான்.

ஆட்டுக் கறியில் இன்னொரு வில்லங்கம் உண்டு. அறுத்த ஆட்டின் ஈரலிலோ நுரையீரலிலோ சில சமயம் நீர்க்கட்டி இருக்கும். கடைக்காரர் அதை வெட்டி நாய்க்கு வீசுவார். அது ஒரு நாடாப்புழுவின் கட்டியாக இருந்தால், பச்சையாகத் தின்ற நாயின் குடலில் புழுவாக வளரும். நாயின் மலத்தோடு வெளியேறும் முட்டை நம் வயிற்றுக்குள் போனால், நம் ஈரலில் அதே நீர்க்கட்டி வரும். ஆபரேஷன் வரைக்கும் போகிற நோய் அது. நன்றாக வேகவைத்துவிட்டால் இந்தக் கதைக்கே இடமில்லை.

ஓநாய் வம்சம் என்பது சரிதான். ஆனால் மனிதனோடு வாழத் தொடங்கியபின் நாயின் உடம்பும் மாறிவிட்டது. மாவுச்சத்தைச் செரிக்கும் என்சைமுக்கான மரபணு ஓநாயைவிட நாயில் பல மடங்கு அதிகம் என்று 2013-ல் வந்த ஆய்வு காட்டியது. நம் ஊர் நாய்களைக் கேட்டால் ஆய்வே தேவையில்லை என்று சொல்லும். கூழும் கஞ்சியும் குடித்து வளர்ந்தவைதானே! நண்பரின் நாய்க்கு வந்த பளபளப்பைப் பெரும்பாலும் கறியின் கொழுப்பும் புரதமும் கொடுத்திருக்கும். அவை வேகவைத்த கறியிலும் இருக்கின்றன.

உங்கள் சாப்பாட்டு முறையில் மாற்ற வேண்டியது நிறைய இருக்கிறது. பால், பிஸ்கட், தயிர்சாதம் என்று பார்த்தால் ராத்திரி ஒரு வேளைதான் அவன் உருப்படியாகச் சாப்பிடுகிறான். 32 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு எலும்பில்லாத கறி அரை கிலோ, சோறு இரண்டு கப், பூசணியோ கேரட்டோ ஒரு கைப்பிடி, கோழி ஈரல் ஒரு சின்னத் துண்டு என்று இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். வெங்காயம், பூண்டு, மசாலா கூடாது. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: வெறும் கறியில் பாஸ்பரஸ் ஏராளம், கால்சியம் சொற்பம். மாதக்கணக்கில் இப்படியே போனால் எலும்பு பலவீனமாகும். முட்டை ஓட்டைக் கழுவி, வாணலியில் வறுத்து, மிக்ஸியில் மாவாக அரைத்து வைத்துக்கொண்டு, அரை கிலோ கறிக்கு அரை டீஸ்பூன் கலந்துவிடுங்கள். வாரம் இரண்டு நாள் கறிக்குப் பதில் மத்தி மீன் போடலாம். குக்கரில் நன்றாக வேகவிட்டால் முள் மசிந்துவிடும், தோலுக்கும் நல்லது. துத்தநாகம், அயோடின், வைட்டமின் ஈ ஆகியவை வீட்டுச் சாப்பாட்டில் குறையும். அதற்கான சப்ளிமென்டை எடை பார்த்து மருத்துவர் எழுதிக் கொடுப்பார். ஒரே நாளில் மாற்றினால் வயிற்றால் போகும். பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

அதெல்லாம் சரி, சொறிவது நிற்குமா? சாப்பாட்டை மாற்றும் முன் விரல் இடுக்கு, காது மடல், வாலடி மூன்றையும் விலக்கிப் பாருங்கள். நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் உண்ணியும் பூஞ்சையும்தான் முதல் சந்தேகம். மருத்துவர் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். அதிலும் ஒன்றும் இல்லை என்றால் உணவு அலர்ஜியை யோசிக்கலாம். நாய்களுக்கு அலர்ஜி தரும் உணவுகளில் மாட்டிறைச்சி, பால், கோழி முன்வரிசையில் நிற்கின்றன. அரிசி ரொம்பப் பின்னால்தான். ப்ரூனோவுக்குக் கோழி ஒத்துக்கொள்ளாமல் இருந்து, நீங்கள் பச்சைக் கோழிக்கு மாற்றினால் சொறி இன்னும் கூடும். மருத்துவர் அலர்ஜி என்று சந்தேகித்தால், அவன் இதுவரை தின்னாத ஒரு கறியை மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்க்கச் சொல்வார். அந்த எட்டு வாரமும் பிஸ்கட், பால், மேஜையடியில் நழுவும் தோசைத் துண்டு எல்லாவற்றுக்கும் தடை. மாமியாரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

எலும்பு விஷயம். வேகவைத்த கோழி எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் கிழிக்கும், கூடவே கூடாது. பச்சைக் கழுத்து மலிவாகக் கிடைக்கிறதே என்றும் நினைக்காதீர்கள். பச்சைக் கோழி தின்னும் நாய்களுக்குக் கால்கள் செயலிழக்கும் ஒருவகை நரம்பு வாதம் வரும் வாய்ப்பு அதிகம் என்று மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வு 2018-ல் சொன்னது. கடிப்பதற்கு ஏதாவது வேண்டுமென்றால் கெட்டியான ரப்பர் பொம்மை வாங்கி, குழியில் மசித்த பூசணியை அடைத்துக் கொடுங்கள். அரை மணி நேரம் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டான்.