கப்பல்காரரைக் கேளுங்கள்: தனியாளின் பாய்மரம், பிள்ளைகளின் பணம்

கேள்வி: ஏழைப் பிள்ளைகளுக்கு நிதி திரட்ட ஒருவர் தன்னந்தனியாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றுகிறார் என்று அவ்வப்போது செய்தி வருகிறது. ஆள் கடலில் இருக்கிறார், பணம் கரையில் இருக்கிறது. இரண்டும் எப்படிச் சேருகின்றன?
– ஓர் ஆசிரியை, நாகப்பட்டினம்

பதில்: பல நேரம் சேருவதே இல்லை டீச்சர். படகின் பக்கவாட்டில் ஏதோ ஓர் அறக்கட்டளையின் பெயரை எழுதியிருப்பார்கள், அதோடு சரி. உண்மையிலேயே சேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன்.

பிரான்சில் 'மெசெனா ஷிருர்ஜி கார்டியாக்' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. தொடங்கியது 1996-ல். பிறவியிலேயே இதயக் கோளாறு உள்ள, சொந்த நாட்டில் ஆபரேஷனுக்கு வழியில்லாத குழந்தைகளைப் பிரான்சுக்கு அழைத்து வந்து குணமாக்கித் திருப்பி அனுப்புகிறார்கள். பெற்றோர் கூட வருவதில்லை. முன்பின் தெரியாத ஒரு குடும்பம் அந்தக் குழந்தையைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறது. குழந்தை ஒன்றுக்கு ஆகும் செலவு சுமார் 12,000 யூரோ.

இந்தக் குழந்தைகளுக்காக ஓடுகிற படகுதான் 'இனிஷியாட்டிவ்ஸ் கேர்'. 60 அடி நீளம். 2020-ல் ஓர் உலகச் சுற்றுப் பந்தயத்தில் அதை ஓட்டியவர் சமந்தா டேவிஸ், இங்கிலாந்துக்காரர், பொறியியல் படித்தவர். ஏற்பாடு எளிமையானது. படகின் ஃபேஸ்புக் பக்கத்தில் புதிதாக ஓர் ஆள் சேர்ந்தால் ஸ்பான்சர் நிறுவனங்கள் ஒரு யூரோ போடும். சேர்பவருக்குக் கைக்காசு போகாது. 12,000 பேர் சேர்ந்தால் ஒரு குழந்தைக்கு ஆபரேஷன்.

2020 நவம்பரில் வெண்டே குளோப் பந்தயம் கிளம்பியது. தனியாக, எங்கும் நிற்காமல், யார் உதவியும் இல்லாமல் உலகைச் சுற்ற வேண்டும். டிசம்பர் தொடக்கத்தில், நன்னம்பிக்கை முனைக்குத் தெற்கே டேவிஸின் படகு நீருக்குள் கிடந்த எதன் மீதோ மோதியது. அவருக்கு விலாவில் அடி, படகுக்கு அடிக்கட்டையைச் சுற்றிச் சேதம். கேப் டவுனுக்குள் போய்ப் பழுது பார்த்தார். துறைமுகத்தில் உதவி வாங்கினால் பந்தயத்திலிருந்து வெளியே, அதுதான் விதி. வேறொருவராக இருந்தால் விமானம் ஏறி வீட்டுக்குப் போயிருப்பார். இவர் மறுபடி பாயை விரித்துக் கிளம்பி, தென்பெருங்கடலைத் தாண்டி, 2021 பிப்ரவரி கடைசியில் பிரான்சு வந்து சேர்ந்தார். பரிசு கிடையாது, இடம் கிடையாது. படகு ஓடுகிறவரைதான் ஆட்கள் பார்ப்பார்கள், பார்க்கிறவரைதான் யூரோ விழும். நீங்கள் கேட்ட ஒட்டு இதுதான் டீச்சர்.

கேள்வி: அந்தப் படகுக்குப் போட்ட பணத்தை அப்படியே குழந்தைகளுக்குக் கொடுத்திருக்கலாமே? இது பணக்கார விளையாட்டுக்குப் பூசும் புண்ணியச் சாயம் இல்லையா?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: பாதி சரி. அந்த ரகப் படகு புதிதாகக் கட்டப் பல மில்லியன் யூரோ ஆகும், விளையாட்டு பணக்கார விளையாட்டுதான். ஆனால் அது நிறுவனங்களின் விளம்பரப் பணம். படகு இல்லையென்றால் டிவி விளம்பரத்துக்கோ சைக்கிள் பந்தயத்துக்கோ போயிருக்கும், ஆபரேஷன் தியேட்டருக்குப் போயிருக்காது. எப்படியும் விளம்பரத்துக்குப் போகிற பணத்தில் ஒரு பகுதியைக் குழந்தைகள் பக்கம் திருப்பியதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆட்சேபம் வேறொரு வகையில் உண்டு. பொதுமக்களிடம் நன்கொடை வாங்கி, முதலில் படகு வாங்கி, மிச்சம் இருந்தால் பிள்ளைகளுக்கு என்று கிளம்புகிறார்கள் பாருங்கள், அவர்களுக்கு நான் ஒரு பைசா கொடுக்க மாட்டேன். படகுக்கு ஒரு கணக்கு, பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு என்று தனித்தனியாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே பையில் இருந்தால் கடல் படகைத்தான் முதலில் கேட்கும். புயலில் ஒரு பாய் கிழிந்தாலே என்ன விலை என்று தெரியுமா?

கேள்வி: பணம் திரட்டாமல் வேறு வகையில் ஏழை இளைஞர்களுக்குப் பயன்பட்ட தனிப் பயணம் ஏதாவது உண்டா?
– கல்லூரி மாணவர், தூத்துக்குடி

பதில்: நம்ம ஊர்க்காரர் கேட்டுவிட்டார், கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

பில் பிங்க்னி. 1935-ல் சிகாகோவில் பிறந்த கறுப்பினத்தவர். நகரத்தின் தெற்குப் பகுதியில் வறுமையில் வளர்ந்தார். ஏழாம் வகுப்பில் படித்த ஒரு கதை, கடலுக்குப் பயந்த ஒரு தீவுச் சிறுவன் தனியாகப் படகேறிப் போவதைப் பற்றியது, மனதில் தங்கிவிட்டது. கடற்படையில் மருத்துவ உதவியாளராக இருந்தார், அப்புறம் அழகுசாதனக் கம்பெனிகளில் வேலை. ஐம்பது வயதை ஒட்டி வேலை போனது. அந்த வயதில் நம் வீட்டில் என்ன சொல்வார்கள்? இவர் உலகைத் தனியாகச் சுற்றப் போகிறேன் என்றார்.

முதலில் நினைத்தது, தன் இரண்டு பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு வீடியோ எடுத்துக்கொண்டு வரலாம் என்பதுதான். பேச்சு பள்ளிக்கூடம் வரை போய், திட்டம் வளர்ந்தது. பாஸ்டன், சிகாகோ நகரப் பள்ளிகளில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அவரோடு சேர்ந்து வரைபடத்தில் பயணம் செய்தார்கள். படகு இன்று எந்த அட்சரேகையில் இருக்கிறது, காற்று எந்தப் பக்கம், இந்த வேகத்தில் போனால் எத்தனை நாளில் அடுத்த துறைமுகம் என்று வகுப்பில் கணக்குப் போட்டார்கள். அவர்களில் நிறையப் பேர் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள். நான் சரக்குக் கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவன். எழுதிக்கொடுத்த வாழ்த்துச் செய்திகளை எத்தனையோ அனுப்பியிருக்கிறேன். கடலிலிருந்து போகும் ஒரு குரல் நாற்பது பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடமாகும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

படகின் பெயர் 'கமிட்மென்ட்', 47 அடி. 1990 ஆகஸ்டில் பாஸ்டனில் கிளம்பினார். பனாமா, சூயஸ் கால்வாய்களின் குறுக்குவழி வேண்டாம் என்று தெற்கு முனைகளைச் சுற்றியே போனார். பெர்முடா, பிரேசில், கேப் டவுன், ஆஸ்திரேலியாவில் ஹோபார்ட், பிறகு தென் அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள ஹார்ன் முனை. கேப் டவுனில் அவர் இறங்கிய காலத்தை யோசித்துப் பாருங்கள். மண்டேலா 1990 பிப்ரவரியில்தான் சிறையிலிருந்து வெளியே வந்திருந்தார். நிறவெறி ஆட்சி இன்னும் முழுதாகப் போகவில்லை. அந்தத் துறைமுகத்துக்குள் ஒரு கறுப்பர் தன் சொந்தப் படகைத் தானே ஓட்டிக்கொண்டு நுழைகிறார், சிகாகோவில் பிள்ளைகள் வரைபடத்தில் குண்டூசி குத்துகிறார்கள்.

1992 ஜூனில் பாஸ்டன் திரும்பினார். தென்கடலை ஒட்டிய ஐந்து பெருமுனைகளையும் சுற்றித் தனியாக உலகை வலம்வந்த முதல் கறுப்பின அமெரிக்கர் அவர்தான். 2023-ல் காலமானார். டேவிஸின் பயணத்தை 12,000-ஆல் வகுத்து இத்தனை குழந்தைகள் என்று சொல்லிவிடலாம். பிங்க்னியின் பயணத்தை எதால் வகுப்பது? எனக்கென்னவோ இவர் கணக்குதான் பெரிதாகத் தெரிகிறது.

கேள்வி: தனியாளாகப் போகிறவர் எப்போது தூங்குவார்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: இருபது, முப்பது நிமிடம் என்று துண்டு துண்டாக. தானியங்கிக் கருவி சுக்கானைப் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் கப்பல் வந்தால் ஏஐஎஸ் என்ற கருவி கத்தி எழுப்பும்.

ஒரு கப்பல்காரனாக ஒன்று சொல்லிவிடுகிறேன். கடலில் மோதல் தவிர்க்க 1972-ல் வகுத்த சர்வதேச விதிகளில் 5-ஆவது, எந்தக் கலமும் எந்நேரமும் காவல் பார்க்க வேண்டும் என்கிறது. தூங்கும் தனியாள் எப்படிக் காவல் பார்ப்பார்? ஆக, உலகம் கைதட்டும் இந்த வீரர்கள் அத்தனை பேரும் தினமும் விதி மீறுகிறார்கள். கப்பலை ஓட்டும் எங்கள் பிரிட்ஜிலிருந்து பார்த்தால் ஃபைபர் படகு ரேடாரில் சரியாகவே விழாது. அலை பெரிதாக இருந்தால் சுத்தமாகக் காணாமல் போகும். நல்ல காரியத்துக்காகப் போகிறவருக்கும் இது பொருந்தும்.

கேள்வி: ஆபத்து வந்தால் யார் காப்பாற்றுவது?
– அதே வாசகி

பதில்: பக்கத்தில் இருப்பவர் யாரோ அவர். 2018-ல் 'கோல்டன் குளோப்' என்ற தனியாள் உலகச் சுற்றுப் பந்தயத்தில், இந்தியப் பெருங்கடலில் நம் கடற்படையின் அபிலாஷ் டோமி பாய்மரம் முறிந்து, முதுகில் அடிபட்டு, அசைய முடியாமல் கிடந்தார். வந்து எடுத்தது ஒரு பிரெஞ்சு மீன்வள ரோந்துக் கப்பல். அவர் 2022-ல் அதே பந்தயத்துக்கு மறுபடி போய் இரண்டாவதாக வந்தார் என்பது தனிக் கதை.

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. ஓர் ஆதரவற்றோர் இல்லத்துக்காகத் தனியாகப் படகில் போகப்போகிறேன் என்கிறான். என்ன சொல்வது?
– ஒரு தகப்பனார், புதுச்சேரி

பதில்: திட்டாதீர்கள். உங்கள் ஊரில் பிறந்த ரூபா, கடற்படை அதிகாரி, கேரளத்தின் தில்னாவோடு 'தாரிணி' படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, 2025 மே மாதம் உலகைச் சுற்றி வந்து சேர்ந்தார். அது இருவர் பயணம், அதற்கே அவர்கள் வருடக்கணக்கில் பயிற்சி எடுத்தார்கள் என்பதை மகனிடம் சொல்லுங்கள். முதலில் சென்னைத் துறைமுகத்தில் தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கத்தின் பயிற்சியில் சேரட்டும். அப்புறம் மற்றவர்கள் படகில் கூட்டாளாகப் போகட்டும். இல்லத்துக்கான பணம் அவன் வங்கிக் கணக்குக்கு வரவே கூடாது, கொடுப்பவர் நேராக இல்லத்தின் கணக்கில் போட்டு ரசீது வாங்கட்டும். இதற்கெல்லாம் ஒத்துக்கொண்டால் எனக்கு எழுதச் சொல்லுங்கள், ரேடியோவில் பேசக் கற்றுக்கொடுக்கிறேன்.