முன்விளக்குக்காக முன்பணம் அனுப்ப வேண்டாம்

கேள்வி: என் மாமா ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியபோது கொண்டுவந்த எல்.ஜி.பி. (ஜெர்மன் மாடல் ரயில் கம்பெனி) மாடல் ரயில் இன்ஜின் முப்பது வருடமாகப் பரணில் கிடந்தது. ‘ஸ்டைன்ஸ்’ என்று அதில் எழுதியிருக்கிறது. தண்டவாளத்தில் வைத்தால் ஓடுகிறது. ஆனால் முன்விளக்கு ஒன்று இல்லை, விசில் உடைந்துவிட்டது, கைப்பிடிக் கம்பியைத் தாங்கும் முளைகளில் இரண்டைக் காணோம், பின்பக்கக் கொக்கியும் போய்விட்டது. பெங்களூரில் ஒருவர் ‘ஜி ஸ்கேல் முழு டீடெயில் செட்’ வரவழைத்துத் தருவதாகச் சொல்லி 18,500 ரூபாய் கேட்கிறார். பாதியை இப்போதே அனுப்பச் சொல்கிறார். கொடுக்கலாமா? இந்தப் பாகங்கள் வேறு எங்கே கிடைக்கும்?
- வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: கொடுக்க வேண்டாம். அனுப்பியிருந்தால் இன்றே கூப்பிட்டுத் திருப்பிக் கேளுங்கள்.

உங்களுக்குத் தேவை நான்கே நான்கு பொருள். கொக்கியையும் விளக்கையும் கம்பெனி உதிரிபாகமாகவே வாங்கலாம். விசிலை ஓசூரில் கடைந்து வாங்கலாம். முளைகளை நீங்களே வீட்டில் ஒரு மாலைப் பொழுதில் செய்துவிடலாம். ‘முழு செட்’ என்று ஒரு பொருளே கிடையாது. பல கம்பெனிகளின் துண்டுகளை ஒரே பையில் போட்டு அதற்கு ஒரு பெயர் வைத்து விற்கிறார்கள், அவ்வளவுதான்.

முதலில் கையில் இருப்பது என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். 1968-இல் எல்.ஜி.பி. தொடங்கியபோது வந்த முதல் இன்ஜினே இந்த ஸ்டைன்ஸ்தான். அசல் இன்ஜின் 1892-இல் லின்ட்ஸ் நகரில் கிராவுஸ் தொழிற்சாலை கட்டியது. ஆஸ்திரியாவில் 760 மி.மீ. அகலப் பாதையில் ஓடியது. நம் பக்கம் 1905-இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், 1906-இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கும் போட்ட குட்டி ரயில் பாதையின் அகலம் 762 மி.மீ. இரண்டே மில்லிமீட்டர்தான் வித்தியாசம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்தப் பாதைகளை மூடிவிட்டார்கள். உங்கள் தாத்தா காலத்து ஆட்கள் ஏறிப் போன ரயிலும் ஏறக்குறைய அசல் ஸ்டைன்ஸ் ஓடிய அதே அகலப் பாதையில்தான் ஓடியது. அதனால்தான் இந்த இன்ஜினை அக்கறையோடு சரிசெய்யச் சொல்கிறேன்.

சரி, ‘ஜி ஸ்கேல்’ என்ற பெயருக்கு வருவோம். ஸ்கேல் என்றால் அசலை எத்தனையில் ஒரு பங்காகச் சுருக்கியிருக்கிறார்கள் என்ற அளவு. ஏமாற்று தொடங்குகிற இடம் அதுதான். ஜி என்று விற்கிற எல்லாமே 45 மி.மீ. அகலத் தண்டவாளத்தில் ஓடும். தண்டவாளம் ஒன்றே என்பதால் இன்ஜின்களும் ஒரே அளவு என்று நினைத்துவிடாதீர்கள். எல்.ஜி.பி. அசலை 22.5 பங்கில் ஒன்றாகச் சுருக்குகிறது. அமெரிக்கக் குறும்பாதை (அகலம் குறைந்த ரயில் பாதை) இன்ஜின்களை 20.3-இல் ஒன்றாகச் செய்வார்கள். அமெரிக்கப் பெரிய இன்ஜின்களில் பல 29-இல் ஒன்று, இன்னும் சில 32-இல் ஒன்று. அத்தனையும் ‘ஜி’ என்ற ஒரே பெட்டியில் கிடக்கும்.

இதைப் புரிந்துகொள்ளக் கணக்கு வேண்டாம், ஒரு ஆளை நிற்கவைத்துப் பாருங்கள். 170 செ.மீ. உயரமுள்ள ஓட்டுநர் 22.5 அளவில் ஏழரை செ.மீ. இருப்பார். 20.3 அளவில் எட்டு செ.மீ.யைத் தாண்டுவார். 32 அளவில் ஐந்து செ.மீ.யைக் கொஞ்சம்தான் தாண்டுவார். அந்தக் குட்டி ஆளுக்கென்று செய்த படிக்கட்டை உங்கள் இன்ஜினில் ஒட்டினால் எப்படி இருக்கும்? யார் பார்த்தாலும் ஏதோ சரியில்லை என்று உடனே தோன்றும், ஆனால் எது என்று சொல்லத் தெரியாது. ஆகவே மனிதன் கை வைக்கிற, கால் வைக்கிற எதுவும் (கைப்பிடி, படி, கதவுத் தாழ், பிரேக் சக்கரம்) அதே ஸ்கேலில்தான் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கலாம். அது விளக்கு. உங்கள் கேள்வியிலேயே விளக்கு இருப்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அசல் ரயில்களிலேயே விளக்குகள் ஒரே அளவில் இருந்ததில்லை. எண்ணெய் விளக்கைக் கழற்றிவிட்டுப் பெரிய மின்விளக்கு மாட்டியிருப்பார்கள். ஒரு பணிமனையில் சின்னது இருந்தால் சின்னது, பெரியது இருந்தால் பெரியது. எனவே 24-இல் ஒன்று அளவில் செய்த விளக்கு உங்கள் இன்ஜினில் தப்பாகத் தெரியாது. 22.5-க்கும் 24-க்கும் ஆறு சதவீதம்தான் வித்தியாசம், பத்து மி.மீ. விளக்கில் ஒரு மி.மீ.கூட வராது. 24 என்பது மாடல் கார்களின் அளவும்கூட என்பதால் அந்தப் பக்கமும் தேடலாம். 20.3 அளவு விளக்கும் ஒத்துக்கொள்ளும், கொஞ்சம் பெரிய விளக்கு மாட்டிய இன்ஜின் என்றுதான் கண் எடுத்துக்கொள்ளும். ஆனால் ஒரு நிபந்தனை. உங்களுடையதில் மற்ற விளக்குகள் இன்னும் இருக்கின்றன. ஒன்று ஒரு மாதிரி, பக்கத்தில் இருப்பது வேறு மாதிரி என்று இருக்கக் கூடாது. மாற்றினால் முன்பக்கம் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள், இல்லாவிட்டால் அசல் உதிரிபாகத்துக்கே காத்திருங்கள். நான் காத்திருப்பேன். விளக்கின் உடல் மட்டும் இருந்து கண்ணாடி போயிருந்தால் பேச்சே வேறு, ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும் தட்டையான கல்மணியே போதும்.

அப்புறம் இந்த வரவழைத்துத் தருபவர்கள். என் அனுபவத்தைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு இதேபோல் ஒருவர், பெயர் வேண்டாம், பித்தளை மணியும் காற்றுப் பம்பும் தருவதாகச் சொல்லி முழுப் பணத்தையும் வாங்கினார். நான்கு மாதம் கழித்து ஒரு தீப்பெட்டி அளவு டப்பா வந்தது. உள்ளே இருந்தது 32 அளவுக்கான மணி. பம்பு இல்லை. கேட்டதற்கு, ‘ஜி-ன்னு போட்டிருந்துச்சு சார், அதான் வாங்கினேன்’ என்றார். அவர் வேண்டுமென்றே ஏமாற்றினாரா என்றுகூட எனக்குத் தெரியாது, பாதிப் பேருக்கு ஸ்கேல் என்றால் என்னவென்றே தெரியாது. வெளிநாட்டுக் கடையின் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவார்கள், பொருள் அவர்கள் கையில் இருக்காது. அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ‘பாகத்தை ஸ்டீல் ஸ்கேலுக்குப் பக்கத்தில் வைத்து இன்றைய செய்தித்தாளோடு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.’ பொருள் இருப்பவர் பத்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார். இல்லாதவர் கோபித்துக்கொள்வார். கோபம் வந்தால் பேச்சை அதோடு நிறுத்திவிடுங்கள்.

‘கிஃப்ட் என்று எழுதி அனுப்பச் சொல்கிறேன், வரி வராது’ என்பது இவர்கள் சொல்லும் இன்னொரு கதை. நம்பாதீர்கள். பரிசுப் பொருள் என்ற பெயரில் தபாலிலும் கூரியரிலும் வரியில்லாமல் வரவழைக்கும் வழியை 2019 டிசம்பரிலேயே அடைத்துவிட்டார்கள், ராக்கிக் கயிறுக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும்தான் விட்டுவைத்தார்கள். பார்சல் மாட்டிக்கொண்டால் அபராதக் காகிதம் உங்கள் பெயருக்குத்தான் வரும், அவர் பெயருக்கு வராது.

வரி விஷயத்தில் எனக்கு ஆதங்கம் உண்டு, மறைக்கவில்லை. சுங்கப் பட்டியலில் ஸ்கேல் மாடல்களும் குழந்தைகளின் பொம்மையும் ஒரே தலைப்பில் வருகின்றன. அந்த வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. தரமற்ற பிளாஸ்டிக் பொம்மையைத் தடுக்க வேண்டும், உள்நாட்டில் செய்பவர்கள் பிழைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் நான்கு கிராம் விளக்கை, அதுவும் இந்தியாவில் யாருமே செய்யாத பொருளை, ஒரு கன்டெய்னர் பொம்மையோடு ஒரே தராசில் வைப்பது எந்த ஊர் நியாயம்? பழைய இன்ஜினைப் பழுதுபார்க்கிறவனுக்கு என்று ஒரு தனி விதி எழுத ஆளில்லையா? விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும், ஆகவே ஆர்டர் போடும் நாளன்று பார்த்துக்கொள்ளுங்கள். பாகத்தின் விலையோடு தபால் செலவையும் வரியையும் சேர்த்த பிறகும் மனம் ஒப்பினால் மட்டும் வாங்குங்கள். மாமாவுக்கு இன்னும் அங்கே தெரிந்தவர்கள் இருந்தால் அதைவிட நல்ல வழி கிடையாது. ஊருக்கு வரும்போது பெட்டியில் இரண்டு விளக்கும் ஒரு கொக்கியும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

அசல் பாகம் வாங்க எண் வேண்டும். 2007 முதல் எல்.ஜி.பி. மார்க்லின் கம்பெனியிடம் இருக்கிறது, உதிரிபாகங்களை அவர்கள் மாடல் எண்ணை வைத்துத்தான் தேடித் தருவார்கள். எண் பெட்டியின் மேல் இருக்கும், பெட்டி இல்லாவிட்டால் இன்ஜினின் அடியில் பாருங்கள். பெட்டிக்குள் பாகங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் படம் ஒன்று மடித்து வைத்திருப்பார்கள். மாமா வீட்டில் அந்தத் தாளைத் தேடுங்கள். அது கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

விசிலுக்கு ஓசூர். கிருஷ்ணகிரியிலிருந்து ஐம்பது கிலோமீட்டர்தான். பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்யும் சின்ன லேத் பட்டறைகள் அங்கே தெருத் தெருவாக இருக்கின்றன. மாதக் கடைசியில் போகாதீர்கள், டெலிவரி நெருக்கடியில் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். ஒன்று மட்டும் கேட்டால் சக்கில் (லேத்தின் பிடியில்) மாட்டவே யோசிப்பார்கள், ஐந்தாகக் கேளுங்கள். ‘நல்லா அழகா பண்ணிக் கொடுங்க’ என்று சொல்வதில் பயனில்லை. ஒரு தாளில் விசிலைப் பெரிதாக வரைந்து ஒவ்வொரு விட்டத்தையும் நீளத்தையும் மி.மீ.யில் எழுதிக் கொண்டுபோங்கள். உடைந்த துண்டையும் கையோடு கொண்டுபோங்கள், அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். லேத்காரர் வெர்னியர் அளவுகோலை வைத்து நான்கு இடத்தில் அளந்து பார்த்தாலே அவருக்குப் புரிந்துவிடும். பித்தளைக் கம்பி அவரிடமே கழிவுத் துண்டாகக் கிடக்கும். நகை வார்க்கும் பட்டறையில் அசலை ரப்பர் அச்செடுத்து வார்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள். வார்க்கலாம்தான், ஆனால் வார்ப்பு ஆறும்போது சுருங்கும், அசலுக்குப் பக்கத்தில் வைத்தால் குட்டியாகத் தெரியும். விசில் போன்ற உருண்டைப் பொருளுக்கு லேத்தே போதும்.

இனி முளைகள். ஹார்டுவேர் கடையில் இருப்பதிலேயே சின்ன காட்டர் பின் கேளுங்கள், பித்தளையில் கிடைத்தால் இன்னும் நல்லது. பின்னின் தலையில் வளையம் இருக்கும், கம்பி அதற்குள் போக வேண்டும். அசல் ரயிலில் கைப்பிடிக் கம்பி 32 மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொண்டால் 22.5 அளவில் 1.4 மி.மீ. வரும். மிச்சமிருக்கும் உங்கள் கம்பியை அளந்து பார்த்துவிட்டுப் பின் வாங்குங்கள். பின்னின் இரண்டு கால்களையும் சேர்த்து இடுக்கியால் அழுத்தி, ஐந்து மி.மீ. விட்டு வெட்டுங்கள். பழைய முளை இருந்த ஓட்டையில் தூசியைத் துடைத்துவிட்டுச் செருகுங்கள். ஓட்டை பெரிதாகத் தோன்றினால் இரண்டு பொருளைக் கலந்து பூசும் எபாக்ஸி ஒரு குண்டூசி முனையளவு போதும். ஃபெவிக்விக்கைத் தொடவே தொடாதீர்கள். ஒட்டிய இடத்தைச் சுற்றி வெள்ளையாகப் புகை படிந்தமாதிரி ஆகிவிடும். கறுப்பு இன்ஜினில் அந்த வெள்ளை பளிச்சென்று தெரியும், விளக்குக் கண்ணாடியில் படிந்தால் எடுக்கவே முடியாது. முப்பது வருடம் பரணில் கெடாமல் இருந்த இன்ஜினை ஐந்து ரூபாய்ப் பசையால் கெடுத்த இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

கொக்கியை மட்டும் யாரிடமும் செய்யக் கொடுக்காதீர்கள், ரெசினில் 3டி பிரிண்ட் எடுத்துத் தருகிறேன் என்றாலும் வேண்டாம். அது பெட்டிகளை இழுக்கும் பாகம், சாதாரண ரெசின் இழுவைக்குத் தாங்காமல் முறியும். அசல் கொக்கி வரும்வரை முன்பக்கக் கொக்கியிலேயே பெட்டிகளை மாட்டி இன்ஜினைப் பின்னோக்கி ஓட்டுங்கள். அசல் ரயிலிலும் இன்ஜினைத் திருப்ப வசதியில்லாத குறும்பாதைகளில் அப்படித்தான் ஓட்டினார்கள்.