கொத்தமல்லி பூத்தா பூக்கட்டும்

அண்ணா வணக்கம்,

தண்டையார்பேட்டைல மொட்டமாடில பதினஞ்சு குரோ பேக் வெச்சிருக்கேன். கொத்தமல்லி ஒரு சாண் வர்றதுக்குள்ள பூ விட்டுடுது, கடுப்பாகி புடுங்கிப் போட்டுடறேன். புதினா ஓரமெல்லாம் கருகுது. கறிவேப்பிலை கொழுந்துல அசுவினிப் பூச்சி மொய்க்குது. செண்டுமல்லி வெச்சா பூச்சியே அண்டாதுன்னு வீடியோல பாத்து நாலு தொட்டி வாங்கினேன், ஒண்ணும் மாறல. வேற என்ன பூச்செடி வெக்கலாம்? மாமியார் மீன் கழுவின தண்ணிய கறிவேப்பிலைக்கு ஊத்தறாங்க, அது சரியா?

ஒரு வாசகி

வணக்கம்மா,

புதுசா எதுவும் வாங்காதீங்க. நீங்க புடுங்கிப் போடுறீங்களே அந்த மல்லிப்பூ, அதான் உங்களுக்கு வேண்டிய பூ. (தலைல வெக்கிற மல்லி இல்ல, கொத்தமல்லிப்பூ.)

செண்டுமல்லி கதை சுத்தப் பொய்னு சொல்ல மாட்டேன். அதோட வேர்ல இருக்கிற ஒரு சமாச்சாரம் மண்ணுல நூற்புழுவ அடக்கும், வேர்ல முடிச்சு முடிச்சா வர வெக்குமே அந்தப் புழு. ஆனா அதே மண்ணுல நெருக்கமா நட்டு ரெண்டு மூணு மாசம் விடணும். நம்ம மாடில அது ஒரு தொட்டி, கறிவேப்பிலை ஒரு தொட்டி, ரெண்டு வேரும் ஒண்ண ஒண்ணு பாத்ததே கெடையாது, அப்பறம் எங்கேர்ந்து மாறும்? கொழுந்துல இருக்கிற அசுவினிக்கு அதுல ஒரு பயமும் இல்ல.

போன தை மாசம் சோம்பேறித்தனத்துல ஒரு பேக் கொத்தமல்லிய அப்படியே விட்டுட்டேன். குட்டிக் குடை விரிச்ச மாதிரி பொடிப்பொடியா வெள்ளப்பூ. காலைல கிட்ட போய் பாத்தா தேனீ மாதிரி ஒண்ணு அந்தரத்துல அசையாம நிக்குது, றெக்க அடிக்கிறதே தெரியல. தேனீ இல்ல, அது ஒரு ஈ, கொட்டாது. தேன் குடிச்சிட்டு அசுவினி இருக்கிற கொழுந்தா தேடிப் போய் முட்டை வெக்கும், அதுலேர்ந்து வர்ற புழு குட்டி அட்டை மாதிரி அசிங்கமா இருக்கும், பயந்து மருந்து அடிச்சிடாதீங்க, அதான் அசுவினிய ஒவ்வொண்ணா புடிச்சு உறிஞ்சிப் போடுறது. அவசரம்னா தண்ணிய வேகமா பீச்சி உதுத்து வுடுங்க, போதும்.

சமையலுக்கு கொத்தமல்லி எலை வேணும்னா தீபாவளி முடிஞ்சு பொங்கலுக்குள்ள தனியாவ ரெண்டா ஒடைச்சு வெதைங்க, நாப்பது நாள்ல அறுக்கலாம். சித்திரை வெயில்ல பூக்காதேன்னா அது கேக்காது.

புதினா கருகுறது எனக்கென்னவோ போர் தண்ணி வேலன்னுதான் தோணுது. தொட்டி விளிம்புல வெள்ளையா படிஞ்சிருந்தா அது உப்பு. மெட்ரோ தண்ணியோ அரிசி களைஞ்ச தண்ணியோ ஊத்துங்க. ஆர்ஓ மெஷின் கழிச்சு வுடுற தண்ணிய வீணாகுதேன்னு ஊத்தவே ஊத்தாதீங்க, அதுல உப்பு இன்னும் ஜாஸ்தி.

மீன் தண்ணி தாராளமா ஊத்தட்டும், மொதல்ல அலசுற தண்ணி மட்டும். கல்லுப்பு போட்டு தேய்ச்சு கழுவின தண்ணி வேணாம்னு அத்தை கிட்ட பக்குவமா சொல்லுங்க. அப்பறம் பூனை வந்து மண்ண கெளறும், அதுக்கு என்கிட்ட வழி இல்ல, எங்க வீட்லயும் அதே கததான்.