சிமெண்டுக்குக் கட்டிய ஜி.எஸ்.டி. திரும்பி வருமா?

கேள்வி: மதுரைக்குப் பக்கத்தில் சொந்த மனையில் 1,400 சதுர அடியில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். சிமெண்ட், கம்பி, டைல்ஸ் என்று பில்லில் இருக்கும் ஜி.எஸ்.டி.யை மட்டும் கூட்டினாலே 3 லட்சத்தைத் தாண்டுகிறது. லண்டனில் இருக்கும் என் மச்சான் அங்கே வீடு கட்டியபோது வரியைத் திரும்ப வாங்கிவிட்டார். இங்கே ஒரு ஏஜென்ட், "உங்கள் பேரில் ஜி.எஸ்.டி. நம்பர் எடுத்து ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன், வருவதில் 10 சதவீதம் எனக்கு" என்கிறார். ஆதார், பான் கார்டு, இ.பி. பில் கேட்கிறார். கொடுக்கலாமா? இதற்கு நடுவில் மேஸ்திரியும் கூலிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. தனியாக வேண்டும் என்கிறார்.

பதில்: கொடுக்காதீர்கள். மீதியைப் படிக்க நேரமில்லை என்றால் இந்த ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டாலும் போதும்.

சொந்த வீடு கட்டுபவருக்கு, கட்டுமானப் பொருளுக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யைத் திருப்பித் தரும் வழி நம் சட்டத்தில் இல்லை. உங்கள் மச்சான் சொன்னதும் பொய்யில்லை. பிரிட்டனில் தன் குடும்பம் குடியிருக்கத் தானே வீடு கட்டுகிறவர், வீடு முடிந்து 6 மாதத்துக்குள் ஒரே ஒரு முறை விண்ணப்பித்து, பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்ப வாங்கலாம். அது அந்த ஊர்ச் சட்டம். இங்கே நீங்கள் கடைசி நுகர்வோர். சோப்பு வாங்கியவருக்கு எப்படி வரி திரும்ப வராதோ, அதே கணக்குதான் வீடு கட்டுபவருக்கும். வாழ்நாள் சேமிப்பைக் கொட்டிக் கட்டும் வீட்டையும் சோப்புக் கட்டியையும் ஒரே தராசில் வைப்பது எந்த ஊர் நியாயம் என்று என்னைக் கேட்காதீர்கள். பட்ஜெட் போடுகிறவர்களைத்தான் கேட்க வேண்டும்.

"ஜி.எஸ்.டி. நம்பர் எடுத்துவிட்டால் வருமே" என்பதுதான் ஏஜென்ட் போடும் தூண்டில். வராது. நம்பர் வைத்திருக்கும் வியாபாரிக்கே, தனக்காகக் கட்டும் கட்டடத்துக்கு வாங்கிய பொருளின் வரியை வரவு எடுக்க, அதாவது தான் அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளக் கூடாது என்று ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு கதவை அடைத்து வைத்திருக்கிறது. தொழிலுக்காகக் கட்டினாலும் கிடையாது என்று அதில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. ஒடிசாவில் ஒரு வணிக வளாகம் கட்டியவர்கள் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். வாடகைக்கு விடவே கட்டிய கட்டடம் என்றால் சில சமயம் அதை இயந்திரம் போலக் கருதி வரவு தரலாம் என்று 2024 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. அடுத்த பட்ஜெட்டிலேயே அந்த வழியையும் அடைக்கச் சட்டத்தில் ஒரு சொல்லை மாற்றி, அந்த மாற்றம் 2017 ஜூலை முதலே இருந்ததாகவும் ஆக்கிவிட்டார்கள். கோடிகளில் மால் கட்டியவர்கள் கதையே இப்படி என்றால், உங்கள் 3 லட்சத்துக்கு ஒரு ஏஜென்ட் எங்கிருந்து ரீஃபண்ட் கொண்டுவரப் போகிறார்?

அப்படியானால் அவருக்கு உங்கள் ஆதார் எதற்கு? அவருக்கு வேண்டியது உங்கள் 3 லட்சத்தில் 10 சதவீதம் இல்லை, உங்கள் பெயர். ஆதார், பான், இடத்துக்கு அத்தாட்சியாக இ.பி. பில், போனுக்கு வரும் ஓ.டி.பி. இவ்வளவும் கையில் இருந்தால் உங்கள் பெயரில் ஒரு கம்பெனியே தொடங்கிவிடலாம். அப்புறம் விற்காத சரக்குக்கு அந்தப் பெயரில் பில் பறக்கும். அந்த பில்லை வைத்து வேறு யாரோ வரி வரவு எடுப்பார்கள். நோட்டீஸ் மட்டும் உங்கள் வீட்டுக்கு வரும். கூலி வேலை செய்பவர்களுக்குக் கோடிக்கணக்கில் வரி பாக்கி என்று நோட்டீஸ் வந்த செய்திகளைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். அதில் பல, இப்படிக் கொடுத்த ஜெராக்ஸில்தான் தொடங்கின.

சரி, போன பணம் போனதுதான். ஆனால் இனிமேல் தப்பாகப் போகவிருக்கும் பணம் ஒன்று இருக்கிறது. உங்கள் கேள்வியில் கடைசி வரியாக, போகிற போக்கில் எழுதியிருக்கும் மேஸ்திரி விஷயம். என்னைக் கேட்டால் அதைத்தான் நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

சிமெண்ட், மணல், கம்பி எல்லாம் நீங்களே வாங்கிப் போட்டு, மேஸ்திரி ஆள் கூலி மட்டும் பேசியிருந்தால் அது லேபர் கான்ட்ராக்ட். தனி வீடு ஒன்றைப் புதிதாகக் கட்ட, வெறும் கூலிக்கு மட்டும் போடும் ஒப்பந்தத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. குறைந்த வரி என்றுகூட இல்லை, அறவே விலக்கு. மேஸ்திரி பதிவு செய்தவரா, செய்யாதவரா, பெரிய கம்பெனியா என்பதெல்லாம் இதில் பொருட்டே இல்லை. 2017 ஜூனில் வந்த அறிவிப்பிலேயே இந்த விலக்கு இருக்கிறது. இத்தனை வருடம் ஆகியும் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த மேஸ்திரிகளில் சிலர் தெரியாத மாதிரி இருக்கிறார்கள்.

இந்த விலக்கில் ஒவ்வொரு சொல்லுக்கும் எடை உண்டு, அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். "வெறும் கூலி" என்றால் வெறும் கூலிதான். "மணலும் ஜல்லியும் மட்டும் நான் இறக்கிவிடுகிறேன், கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் சார்" என்று மேஸ்திரி சொல்லி நீங்கள் தலையாட்டினால் அது வெறும் கூலியாக இருக்காது. "தனி வீடு" என்றால் ஒரு குடும்பம் குடியிருக்கும் வீடு. கீழே ஒரு வீடு, மேலே தனி அடுப்படியோடு வாடகைக்கு ஒரு போர்ஷன் என்று கட்டினால், இது ஒன்றா இரண்டா என்ற கேள்வி வரும். கீழே கடை, மேலே வீடு என்றால் கடைப் பகுதிக்கு இந்த விலக்கை நினைக்காதீர்கள். "புதிதாக" என்பதும் முக்கியம். பழைய வீட்டில் சுவரை இடித்து ஹாலைப் பெரிதாக்குவது, டைல்ஸ் மாற்றுவது இதில் சேராது. ஆனால் புது வீட்டில் எலெக்ட்ரீஷியன், பிளம்பர் ஆகியோரிடம் தனித்தனியாகக் கூலி மட்டும் பேசினால் அதற்கும் விலக்கு உண்டு. ஒயரையும் பைப்பையும் நீங்கள் வாங்கிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஒப்பந்தத்தை ஒரு வெள்ளைத் தாளிலாவது எழுதி, "பொருள் முழுவதும் வீட்டுக்காரர் பொறுப்பு, இது கூலி மட்டும்" என்று ஒரு வரி போட்டு இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வாய்ப்பேச்சை எந்த அதிகாரியும் ஏற்கமாட்டார்.

சதுர அடிக்கு இவ்வளவு என்று பொருளோடு சேர்த்துப் பேசியிருந்தால் கதை வேறு. அப்போது பொருள், கூலி எல்லாம் சேர்ந்த மொத்தத் தொகைக்கும் 18 சதவீதம் உண்டு. அதை வாங்குகிறவர் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். சேவை செய்பவருக்கு ஆண்டு மொத்த வியாபாரம் 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். பதிவே இல்லாதவர் ஜி.எஸ்.டி. என்று ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது.

சில மாதம் முன்பு ஒருவர் தன் கான்ட்ராக்டர் கொடுத்த பில்லை என் மேஜையில் வைத்தார். பளபளப்பான லெட்டர்பேட், நீல ரப்பர் ஸ்டாம்ப், 9 சதவீதம் மத்திய வரி, 9 சதவீதம் மாநில வரி என்று அழகாகப் பிரித்துப் போட்டிருந்தது. பேனா முனையை வைத்து ஜி.எஸ்.டி. எண்ணை எண்ணிப் பார்த்தேன். 14 எழுத்து. இருக்க வேண்டியது 15. முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து அவருடைய பான் எண். இந்த பில்லில் பான் எண்ணிலேயே ஒரு எழுத்து குறைந்தது. அவர் அதற்குள் ஒன்றரை லட்சத்துக்கு மேல் "வரி" கொடுத்திருந்தார். அந்தப் பணம் அரசாங்கத்தின் பக்கமே போகவில்லை. எண் சரியாக இருந்தாலும் விட்டுவிடாதீர்கள். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் லாகின் இல்லாமலே அந்த எண்ணைப் போட்டுத் தேடலாம். பெயர் அவருடையதா, பதிவு நடப்பில் இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

உண்மையான நம்பர் உள்ளவரிடமும் ஒரு பொறி உண்டு. உதாரணத்துக்கு, வீட்டுக்குப் பொருள் 18 லட்சம், கூலியும் லாபமும் 12 லட்சம் என்று வைப்போம். எளிதாக இருக்க எல்லாப் பொருளுக்கும் 18 சதவீதம் என்றே கொள்வோம். கான்ட்ராக்டர் பொருள் வாங்கும்போது கட்டும் 3 லட்சத்து 24 ஆயிரத்தை அவர் வரவு எடுத்துக்கொள்ளலாம். அதனால் உங்களுக்கு அவர் போட வேண்டிய கணக்கு 30 லட்சம், அதன் மேல் 5 லட்சத்து 40 ஆயிரம் வரி, ஆக 35 லட்சத்து 40 ஆயிரம். ஆனால் பலர் பொருள் விலையை வரியோடு சேர்த்து 33 லட்சத்து 24 ஆயிரம் என்று ரேட் போட்டு, அதற்கு மேல் இன்னொரு 18 சதவீதம் ஏற்றுகிறார்கள். 39 லட்சத்தைத் தாண்டிவிடும். வரிக்கு மேல் வரி. அதிகமாக வாங்கிய 3 லட்சத்து 82 ஆயிரத்தில் 3 லட்சத்து 24 ஆயிரம் அவருக்கு லாபம், மீதி அரசுக்குப் போகும் வரி, மொத்தமும் உங்களுக்கு வீட்டுக் கடன். "உங்கள் ரேட் ஜி.எஸ்.டி. இல்லாத பொருள் விலையிலா போட்டது?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் தடுமாறினால் புரிந்துகொள்ளுங்கள்.

அதே வீட்டுக்கு நீங்களே பொருள் வாங்கி, கூலி மட்டும் கொடுத்தால் 33 லட்சத்து 24 ஆயிரத்தில் முடியும். நியாயமான கான்ட்ராக்டரைவிடவும் 2 லட்சத்து 16 ஆயிரம் மிச்சம். தினமும் வெயிலில் நின்று மூட்டை எண்ண வேண்டும், அது இருக்கத்தான் செய்யும். சிமெண்டுக்கு 28 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. வரி சேர்க்காமல் 300 ரூபாய் விலையுள்ள மூட்டைக்கு 84 ரூபாயாக இருந்த வரி இப்போது 54. அதற்கு முன் வாங்கிய மூட்டைக்கு வித்தியாசத்தைத் தரமாட்டார்கள், கேட்டு அலையாதீர்கள்.

பில்லையெல்லாம் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பில் வேண்டாம் என்றால் விலை குறைத்துத் தருகிறேன் என்று கடைக்காரர் சொல்வார், மயங்க வேண்டாம். நாளைக்கு வீட்டை விற்கும் நிலை வந்தால், கட்டிய ஜி.எஸ்.டி.யும் வீட்டின் அடக்க விலையில் சேரும். இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் இப்போது லாபத்துக்கு 12.5 சதவீதம் வரி. உங்கள் 3 லட்சம் அடக்கத்தில் சேர்ந்தால் அதில் 37,500 ரூபாய் குறையும். பில் இல்லாவிட்டால் அதுவும் இல்லை. உங்கள் பெயரில் பில், வங்கி வழியே பணம். கடை பில்லில் மை மங்கிவிடும், போட்டோ எடுத்து வையுங்கள்.

உங்கள் கடிதத்தில் சொல்லாத ஒன்று: ஏஜென்டிடம் ஆதார் நகலை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? கொடுத்திருந்தால் இன்றே ஜி.எஸ்.டி. இணையதளத்தில் உங்கள் பான் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். அதற்கென்றே தனி வசதி இருக்கிறது. உங்கள் பான் எண்ணில் ஏதாவது பதிவு தெரிந்தால், அந்தத் திரையை அச்செடுத்துக்கொண்டு உங்கள் பகுதி வணிகவரி அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு வாருங்கள். போன் செய்து சொன்னேன் என்பதெல்லாம் அங்கே செல்லாது.